மூன்றாம் ஓலை

இன்றைக்கு மூன்றாவது ஓலை. முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். சபைக் குருவான ஐயர் பெயர்களை வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று கேட்டார். இருமினேன். அவ்வளவுதான். இருமியதற்கே அருமைநாயகத்தின் முதுகு விறைத்ததை இங்கிருந்து பார்த்தேன். எனக்கு ஏழு பெஞ்சுக்கு முன்னால், நடுப்பாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். கழுத்தில் சதை தொங்கிவிட்டது. நான் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஆராதனையில் உட்காருகிறேன், பலிபீடத்தைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம் இருக்கும். அவன் மகள் பியூலாவுக்கும் மதுரைப் பையன் ஒருவனுக்கும் வியாழக்கிழமை கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சபைக்கு முன் வாசிக்கப்படும். காகிதத்துக்கு மாறி எத்தனையோ காலம் ஆகியும் பெத்தானியூரில் அதற்கு ஓலை என்றுதான் பெயர். மூன்றாம் ஓலைக்கு மட்டும் இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஐயர் கேட்டு முடித்ததும் இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் எழுந்து, ‘தடையில்லை ஐயா’ என்று சொல்ல வேண்டும். சபை சார்பில் ஒரு வாய். பெரும்பாலும் எண்பத்து நாலு வயது ராஜமணிப் பெரியவர்தான் எழுவார், அவர் எழுந்து முடிப்பதற்குள் இரண்டு பாட்டுப் பாடிவிடலாம். அதனால் யார் வேண்டுமானாலும் முந்திக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் மகள் சுகிர்தாவின் மூன்றாம் ஓலைக்கு முந்திக்கொண்டு எழுந்தது அருமைநாயகம். சிநேகிதன் மகளுக்காக எழுந்திருக்கிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். வாயெல்லாம் பல்லாக நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் சொன்னான், ‘தடையுண்டு ஐயா.’ இன்றைக்கு நான் எழுந்து அதே இரண்டு சொல்லைச் சொல்லலாம். அவன் சொன்னது பொய். நான் சொன்னால் அது உண்மையாக இருக்கும். அதுதான் என்னை மூன்று வாரமாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது, உண்மையாக இருக்கும் என்பதுதான்.

காலையில் புறப்படும்போது புஷ்பம் என் கையில் இரண்டு ஏலக்காய் கொடுத்தாள். “வாயில போட்டுக்கிடுங்க. பேசாம இருக்கதுக்கு ஒதவும்” என்றாள். முப்பத்தொன்பது வருஷம் கூட இருந்தவளுக்கு நான் என்ன நினைக்கிறேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் காற்று மணலை வாரி முகத்தில் போட்டது. ஆவணியிலும் ஓயவில்லை இந்த வருஷம். அவள் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டே நடந்தாள், பேச வாய் இல்லை, அதனால் பேசவில்லை, அதுவே பெரிய உபகாரம். கோயில் வாசலில் மாசிலாமணி நின்றான். கோயில்பிள்ளை, மணி அடிக்கிறவன், என்னைவிட நாலு வயது மூத்தவன். “கூட்டம் ஜாஸ்தி வே. மதுரைக்காரங்க ரெண்டு வேன்ல வந்திருக்காங்க. உம்ம எடத்துல துண்டப் போட்டு வச்சிருக்கேன், போயி இரும்” என்றான். என் இடம் என்பது தெற்கு ஓரம், பக்கவாசலை ஒட்டின கடைசி பெஞ்சு. அப்பமும் ரசமும் கொடுக்கும் இராப்போஜனம் உள்ள ஞாயிறுகளில், பேராயர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகளும் யார்மீதாவது மனத்தாங்கல் உள்ளவர்களும் அது தொடங்குமுன் அந்த வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். பிள்ளைகள் ஓடுவார்கள். பிறகு நான் போவேன். மனத்தாங்கலோடு போய் முழங்கால் போட்டு அப்பத்துக்குக் கை நீட்ட எனக்குத் தைரியம் கிடையாது. ஊரில் பாதிப்பேர் நீட்டுகிறார்கள், அது அவர்கள் பாடு. மாசிலாமணி எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். “பன்னெண்டு வருஷமா உமக்குன்னு ஒரு கதவு தொறக்கேன், கீலு தேஞ்சு போச்சு. கமிட்டியில சொல்லி ஒரு புதுக் கதவு வாங்கிக் குடும்” என்றான் இன்றைக்கும். நான் சிரிக்கவில்லை. ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் இராப்போஜனம் உண்டு.

முதல் பாட்டுக்கு எழுந்தோம். ஆண்கள் பக்கம் மதுரைக்காரர்கள் நாலு பெஞ்சை நிறைத்திருக்கிறார்கள், நல்ல சட்டைகள், இஸ்திரி மடிப்பு கலையாமல். மாப்பிள்ளை யாரென்று தெரியவில்லை, எல்லாரும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே காற்றாலை ஒன்று தெரிகிறது. மூன்று இறக்கை. ஒரு இறக்கை ஜன்னல் சட்டத்தைத் தாண்டி மேலே போனதும் அடுத்தது கீழே வருகிறது. பாட்டின் தாளத்துக்கு அது சேரவில்லை, கொஞ்சம் பிந்துகிறது. காற்றோடு சேர்ந்து அந்த வாசமும் வருகிறது. முதலில் வெங்காயம், அப்புறம் கரம் மசாலா, அப்புறம் ஆட்டுக்கறி வேகும் வாசம். அருமைநாயகம் வீடு கோயிலுக்கு மேற்கே மூன்றாவது வீடு. மூன்றாம் ஓலைக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆராதனை முடிந்ததும் பெண் வீட்டில் சாப்பாடு போடுவது முறை. சுகிர்தாவின் ஓலையன்றைக்கும் இதே வாசம்தான், ஆனால் காற்று இல்லாத செப்டம்பர், என் வீடு கிழக்கே. அதனால் அன்று கோயிலுக்குள் வாசம் வரவில்லை. நாங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனபோதுதான் வந்து முகத்தில் அறைந்தது. மாப்பிள்ளை வீட்டாரான பாளையங்கோட்டைக்காரர்கள் கோயில் வாசலிலிருந்தே வேனில் ஏறிப் போய்விட்டார்கள். ‘பொண்ணுக்கு ஏற்கெனவே நாகர்கோவில்ல நிச்சயம் ஆயிருக்கு, அத மறைச்சு இந்த ஓலை வாசிக்காங்க’ என்று அருமைநாயகம் சபை நடுவில் சொன்னான். நாகர்கோவில் ஆட்கள் ஒரு தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், உண்மை. நிச்சயம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் பிடிக்கவில்லை, எங்களுக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை நடத்தினதே அருமைநாயகம்தான். அவனுக்குத் தெரியாதா? ஆனால் தடை என்று ஒருவர் எழுந்து சொன்னபிறகு ஐயர் விசாரிக்காமல் இருக்க முடியாது, அது சட்டம். மூன்று வாரம் விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு. அதற்குள் பாளையங்கோட்டைப் பையனுக்கு வேறு ஓலை வாசித்தாயிற்று.

எதற்காக என்று கேட்டால் சிரிப்பு வரும். சபைத் தேர்தல். அந்த ஆகஸ்ட்டில் அவன் நின்றான், அவனுக்கு எதிராக நின்றவருக்கு நான் ஓட்டுக் கேட்டேன். பதினோரு ஓட்டில் தோற்றான். பள்ளிக்கூடக் கமிட்டியும் கல்லறைத் தோட்டத்துச் சாவியும் கைவிட்டுப் போயிற்று, வேறு என்ன. ஒரு சாவிக்கொத்துக்காக என் மகளை. இந்த இடத்துக்கு வந்ததும் நெஞ்சில் பழைய சூடு ஏறும், வழக்கமாக. இன்றைக்கு ஏறுகிறதா என்று பார்க்கிறேன். நாக்கால் சொத்தைப் பல்லைத் தடவிப் பார்க்கிற மாதிரி. ஏறுகிறது, ஆனால் அதற்குப் பக்கத்திலேயே வேறு ஒன்றும் இருக்கிறது, அன்று விருந்து சமைக்க வந்த தவசுப்பிள்ளை மாணிக்கத்தின் முகம். அன்று வீட்டுக்குள் நுழைந்தோம். புஷ்பம் நேரே உள்ளே போனாள். சுகிர்தா பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தலைப்பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. கோயிலில் நடந்தது மாணிக்கத்துக்குத் தெரியாது. கரண்டியோடு கொல்லையிலிருந்து வந்து, வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, நல்ல சந்தோஷமாகக் கேட்டார், “அண்ணாச்சி, இலை போடட்டுமா?” நான் பந்தல்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி கேட்டார். எல்லாரும் வந்தாச்சா, இலை போடட்டுமா. பன்னிரண்டு வருஷத்தில் அருமைநாயகத்தின் ‘தடையுண்டு’ கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிட்டது, அந்தக் குரலை இப்போது நினைவுக்குக் கொண்டுவரச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. மாணிக்கத்தின் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. யாராவது வீட்டில் விருந்துக்குப் போய், இலை போடட்டுமா என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் நான் எழுந்து வெளியே காற்று வாங்கப் போய்விடுவேன். சுகிர்தா அடுத்த வருஷம் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். முப்பத்தாறு ஆகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் அங்கே நெட்வொர்க் சரியில்லை என்பாள்.

முதல் பாடம் வாசிக்கிறார்கள். உட்கார்ந்தாயிற்று. பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் பியூலா, ரோஸ் சேலை, முக்காடு. புருவம் மட்டும் தெரிகிறது. இடது புருவத்துக்கு மேலே ஒரு குழி இருக்கும், அரிசி அளவு. இங்கிருந்து தெரியாது, எனக்குத் தெரியும். நான் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் கம்பவுண்டர், இந்த ஊரில் யாருக்கு எங்கே தழும்பு என்று கேட்டால் ராத்திரி முழுக்கச் சொல்லலாம். அவளுக்குப் பதினாலு வயதில் அம்மை போட்டது. சரியாகப் பேராயர் திடப்படுத்தல் ஆராதனைக்கு வந்த அன்று. பிப்ரவரி. அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடையில் கோயிலில் முழங்கால் போட்டு நிற்க, பேராயர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்துக்கொண்டு வர, இவள் வீட்டில் வாழையிலைமேல் கிடந்தாள். ஆராதனைக்குப் போகுமுன் நான் அவள் வீட்டுக்குப் போனேன். ரோஸ் மருந்தைப் பஞ்சால் ஒற்றினேன். “கம்பவுண்டர் மாமா, தழும்பு விழுமா?” என்றாள். விழாது என்றேன். ஒன்று விழுந்தது. “எல்லாரும் இராப்போஜனம் எடுப்பாவ, நான் மட்டும் ரெண்டு வருஷம் சின்னப் பிள்ளைங்ககூட வெளிய போகணும்” என்று அழுதாள். பேராயர் எங்கள் ஊருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஆக, விஷயம் இதுதான்: பியூலா திடப்படுத்தல் பெறவில்லை. திடப்படுத்தல் பெறாதவர்களுக்கு நம் சபையில் ஓலை வாசிக்க முடியாது. ஆனால் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. பதினேழாவது பெயர். பதினாறு பேருக்குத்தான் பேராயர் கை வைத்தார், பதினேழு பெயர் இருக்கிறது. இதை நான் எழுந்து சொன்னால் ஐயர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும், பேராயர் வெளிநாட்டில் இருக்கிறார், வியாழக்கிழமை கல்யாணம் நடக்காது. நாலு பெஞ்சு மதுரைக்காரர்களும் எழுவார்கள். மேற்கே மூன்றாவது வீட்டில் ஒருவர் கரண்டியோடு வந்து நிற்பார்.

பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது. ஐயர் சின்னவர், முப்பத்தைந்து இருக்கும், கையைக் கையை ஆட்டிப் பேசுகிறார். கல்யாண வீட்டுக்காரர்கள் இருப்பதால் அன்பைப் பற்றிப் பேசுகிறார் போல. எனக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுகிறது. நேற்றுச் சாயங்காலம் சுகிர்தா கூப்பிட்டாள். “அப்பா, நாளைக்கு மூணாவது ஓலையா?” “உனக்கு யாரு சொன்னா?” “பியூலாதான். மெசேஜ் போடுவாப்பா, எப்பவும் போடுவா.” இது எனக்குப் புதுச் செய்தி. என்ன கலர் சேலை எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாள், எனக்கென்ன தெரியும் என்றேன். “அம்மாகிட்ட ஒரு பார்சல் இருக்கு. பட்டுச் சேலை. அவளுக்கு நான் அனுப்புனது. நாளைக்கு சாப்பாட்டுக்குப் போவும்போது குடுத்திருங்க.” சாப்பாட்டுக்கு யார் போகிறார்கள் என்று கேட்டேன். பின்னால் ஏதோ இயந்திரம் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது, வார்டில் நிற்கிறாள் போல. “சண்டே ஸ்கூல்ல எங்கிட்டதாம்ப்பா படிச்சா. வசனம் சொல்ல வராம அழுவா. நான் உதட்ட அசைச்சுக் காட்டுவேன், அதப் பாத்துச் சொல்லுவா. அவளப் போயி என்ன பண்ணப் போறிய?” “அவ அப்பன் செஞ்சது?” “அது அவரு செஞ்சது. அப்பா, ஒண்ணு சொல்லட்டா? அந்தப் பாளையங்கோட்டைப் பையன எனக்குப் புடிக்கவேயில்ல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு முறுக்கு தின்னான் பாருங்க, அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.” அப்படியே சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். போனை வைத்தபிறகுதான் யோசித்தேன். உண்மையா அது? என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா? அன்று அவன் முறுக்குத் தின்றானா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். புஷ்பம் அதிரசம்தான் சுட்டிருந்தாள் என்று ஞாபகம். அதிரசத்தில் சத்தம் வராது. அப்படியானால் என் மகள் எனக்காகப் பொய் சொல்கிறாள். தழும்பு விழாது என்று நான் சொன்ன மாதிரி. மன்னிக்க வேண்டியவள் அவள், பட்டவள் அவள். நான் யார் இடையில்? அவள் விட்டுவிட்டாளென்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? அவள் விட்டது அவள் பங்கு என்று ஒரு எண்ணம். பந்தலில் நின்ற தகப்பனுக்கு என்று ஒரு பங்கு இருக்கிறதே. மாணிக்கத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவன் நான்தானே. சரி, அந்தப் பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று இன்னொரு எண்ணம். காற்றாலை இறக்கை மேலே போகிறது. அடுத்தது வருகிறது.

ஆனால் ஒன்று இருக்கிறது. மூன்று வாரமாக யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நான் ஒரு சின்ன வேலை செய்கிறேன். பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டது என்று யோசிக்கிறேன். எழுதப்பட்டது. தானாக எழுதிக்கொண்டது மாதிரி. அந்த வருஷம் சபைச் செயலர் யார்? பேராயரின் ஆள் கையொப்பமிட்டுக் கொடுத்த பட்டியலைப் பார்த்துப் பதிவேட்டை நிரப்பியது யார்? நீல மை. எனக்கு எட்டும் ஏழும் ஒன்றுபோல இருக்கும், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்கள், பதினேழு என்று நான் எழுதியது பதினெட்டு மாதிரி இருக்கும். நான்தான் எழுதினேன். ஆராதனை முடிந்து பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி அவன் வீட்டுக்குப் போனேன். அவள் தலையணையில் முகத்தை வைத்து விசும்பிக்கொண்டிருந்தாள். அருமைநாயகம் வாசல்படியில் நின்றான். “பேர எழுதிருதேன் டே. பிள்ள அழுது” என்றேன். “வேண்டாம்டே. கை வைக்காம எப்படி? அடுத்த தடவ பாத்துக்கிடலாம்” என்றான். அவன் வேண்டாம் என்றான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே சொன்னதில்லை. “அடுத்த தடவ பிஷப் வரும்போது கூட்டத்தோட கூட்டமா முழங்கால் போடட்டும், யாருக்குத் தெரியப் போவுது. கர்த்தருக்கு என் கையெழுத்து புரியாது” என்று சொல்லி, அவன் வீட்டு மேஜையிலேயே வைத்து எழுதினேன். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த தடவை வருவதற்குள் ஆகஸ்ட் வந்தது, செப்டம்பர் வந்தது, அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு ஓரம். யாருக்கு ஞாபகம் இருக்கும் கை வைக்காத ஒரு தலை. எனக்கு இருந்தது. அவனுக்கும் இருந்திருக்கும். இப்போது இதையும் யோசிக்கத்தான் வேண்டும்: தேர்தலில் என்னைக் கவிழ்க்க அவனிடம் அது இருந்தது. செயலர் பதிவேட்டில் பொய் எழுதினார் என்று ஒரு வார்த்தை. என் பதவி போயிருக்கும், ஐயர்மார் முகத்தில் நான் விழித்திருக்க முடியாது. சுகிர்தாவின் ஓலையைத் தடுக்க நாகர்கோவில் கதையைக் கட்டினான், இதை எடுக்கவில்லை. மகள் பெயர் கெடும் என்பதற்காக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும். வேறு எதற்காகவும் இருக்காது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியுமா. முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன் பழைய ஐயர் மூலமாக ஒரு செய்தி அனுப்பினான். அருமைநாயகம் மனவருத்தம் தெரிவிக்கிறார் என்று. “வருத்தம் அவருது. அவரே வச்சுக்கிடட்டும்” என்று சொல்லி அனுப்பினேன். நல்ல பதில் என்று இரண்டு நாள் எனக்கே பெருமை. போன மாசம் அவனே வந்தான். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை. பத்திரிகையை மதில்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் தேடி எடுத்து அதன்மேல் வைத்தான். குனியும்போது இடுப்பில் கை ஊன்றிக்கொண்டான். “ஜெபஞானம், வரணும்.” அவ்வளவுதான் சொன்னான். நான் தலை நிமிரவில்லை. ஒரே செடிக்கு ஒரு குடம் தண்ணீரையும் விட்டேன், அது அழுகிப்போயிற்று. இன்றைக்கு நான் எழுந்தால் எதற்காக எழுந்தேன் என்று அவனுக்குத் தெரியும். என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வையைத்தான் நான் பன்னிரண்டு வருஷமாக நினைத்து வைத்திருக்கிறேன். பயந்து, கெஞ்சி. சும்மா உட்கார்ந்திருந்தால்? ராஜமணிப் பெரியவர் சொல்லிவிடுவார், கல்யாணம் நடக்கும், நான் கதவு வழியாக வெளியே போய்ப் புளியமரத்தடியில் நிற்பேன். யாருக்கும் நஷ்டமில்லை. அது மன்னிப்பா? மன்னிப்பு மாதிரித்தான் இருக்கும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் சோம்பல். கர்த்தருடைய ஜெபத்தில் ‘நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற அந்த வரி வரும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன், குரல் விடமாட்டேன். பியூலா சுகிர்தாவின் உதட்டைப் பார்த்துச் சொன்ன மாதிரி, ஆனால் எனக்கு எதிரே சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இருந்தாரோ என்னவோ, நான்தான் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரசங்கம் முடிந்துவிட்டது. விசுவாசப்பிரமாணம் சொல்லி உட்கார்ந்தாயிற்று. ஐயர் காகிதத்தை எடுக்கிறார். கண்ணாடியைச் சரி செய்கிறார். பெத்தானியூர் சபையைச் சேர்ந்த அருமைநாயகம் அவர்களின் மகள் பியூலா ஜாஸ்மின், மதுரை சபையைச் சேர்ந்த இன்னாரின் மகன் கிங்ஸ்லி தயாகரன். மூன்றாம் ஓலை. இவர்கள் விவாகத்தில் இணைக்கப்படுவதற்கு நியாயமான தடை எதையும் யாராவது அறிந்திருந்தால் இப்போதே சபைக்கு முன் சொல்லலாம். மின்விசிறிகளின் சத்தம். எங்கேயோ ஒரு குழந்தை. பெண்கள் பக்கத்தில் புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை, மடியிலிருக்கும் பார்சலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்சலை இப்போதுதான் பார்க்கிறேன். கோயிலுக்கே கொண்டு வந்திருக்கிறாள். ராஜமணிப் பெரியவர் முன் பெஞ்சைப் பிடித்து எழத் தொடங்குகிறார். நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, முழங்கால் விட்டுத் தெறிக்கிறது, கை பெஞ்சு விளிம்பைப் பிடித்திருக்கிறது. எழுந்தது நான் என்று சபைக்குத் தெரிந்துவிட்டது. யாரோ ‘ஐயோ’ என்று மெல்லச் சொன்னார்கள். அருமைநாயகம் திரும்பினான். முழுசாகத் திரும்பமுடியவில்லை அவனுக்கு, தோளும் சேர்ந்து திரும்பியது. அந்தப் பார்வை வந்தது. நான் நினைத்து வைத்திருந்த அதே பார்வை, ஒரு குறையும் இல்லை. அதை எத்தனையோ தடவை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். ஊசியை எடுத்துக்கொண்டு நான் திரும்பும்போது கட்டிலில் படுத்திருக்கிறவர்கள் பார்ப்பார்கள். வலிக்குமா என்று கேட்கிற பார்வை. வலிக்காது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். மேற்கிலிருந்து கறி வாசம். அங்கே ஒரு மனுஷன் இலைக்கட்டைப் பிரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருப்பார், நாங்கள் வருவோம் என்று. சபைக்கு முன் நான் சொல்லப்போவது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். எழுதினவன் நான், செவ்வாயோ புதனோ இல்லை, வியாழக்கிழமை கல்யாணம் முடிந்த பிறகு ஐயரிடம் தனியே போய் என் கையெழுத்தை நானே காட்டவேண்டும். அது என் தடை. அவளுடையது இல்லை. “தடையில்லை ஐயா” என்றேன். ஏலக்காய்ச் சக்கை நாக்கில் ஒட்டிக்கொண்டு குரல் சரியாக வரவில்லை. ஐயர் காதைக் கொடுத்தார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. “தடை ஒண்ணும் இல்ல, ஐயா.”

உட்கார்ந்தேன். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நெஞ்சு லேசாகவில்லை, வெளிச்சம் ஒன்றும் வரவில்லை, முழங்கால் அதே மாதிரி வலிக்கிறது. பாதி எழுந்திருந்த ராஜமணிப் பெரியவர் மெல்ல இறங்கி உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார். “எனக்கிருந்த ஒரே வேலை. அதையும் புடுங்கிட்டியடே” என்றார், அவருக்குக் காது மந்தம், அதனால் கோயில் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். மதுரைக்காரர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். அருமைநாயகம் இன்னும் திரும்பித்தான் இருக்கிறான். அவன் பையன் தோளைத் தொட்டபிறகு முன்பக்கம் திரும்பினான். கழுத்து ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றவில்லை. மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் தெரியாது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான் தெரியும். நாளைக்கும் தெருவில் அவன் எதிரே வருவான், ஓரம் போகாமல் நடக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும் போல. முழங்கால் பழகிக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் போனால் இலை போடட்டுமா என்று யாராவது கேட்பார்கள், அதற்கு என்ன செய்வது என்று இப்போது யோசிக்க வேண்டாம். இடைப்பாட்டுப் பாடுகிறார்கள். பிள்ளைகள் எழுந்து பக்கவாசலுக்கு ஓடுகிறார்கள், செருப்புச் சத்தம். மாசிலாமணி கதவைத் திறந்து பிடித்திருக்கிறான். மணல் காற்று உள்ளே வருகிறது. கடைசிப் பிள்ளையும் போயாயிற்று. அவன் என்னைப் பார்க்கிறான். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறேன். “வே” என்று மெல்லக் கூப்பிடுகிறான். தலையை ஆட்டினேன். புரியவில்லை அவனுக்கு, பன்னிரண்டு வருஷப் பழக்கம், இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நிற்கிறான். பாட்டு கடைசிச் சரணத்துக்கு வருகிறது. காற்றில் கதவு அவன் கையை இழுக்கிறது. பிறகு அவன் அதைச் சாத்தினான். கீல் நீளமாகக் கிறீச்சிட்டது. நான் உள்ளே இருந்தேன்.